மதிலில் அடைத்த வழி

பேர் மறந்துபோன ஒரு நாட்டை, முன்னொரு நாளில், ஒரு மன்னர் ஆண்டுவந்தார். அவரைச் சிரிக்கவைப்பது செங்கானின் வேலை. செங்கான் தெற்குத் தெருக்காரன். அந்தத் தெருவின் பொருள்கள் கோட்டை வாசலுக்குள் போகலாம், ஆட்கள் போகக்கூடாது. செங்கானுக்கு மட்டும் அனுமதி. அவனும் அரியணைக்கு ஏழு படி கீழேதான் நிற்கவேண்டும்.

அவன் அம்மா வெள்ளாச்சி மருத்துவச்சி. மன்னர் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் அவள்தான். வாசல் வழியாக அவளை விடமுடியாது என்று அன்றைக்கு மதிலில் ஒரு துளை இடித்து உள்ளே விட்டார்கள். பிள்ளை அழுததும் வெளியே அனுப்பித் துளையை அடைத்துவிட்டார்கள். நாற்பது வருடமாகிறது.

செங்கான் வீடு திரும்பும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னிக்கு அந்தப் புள்ள சிரிச்சுச்சாடா?"

"சிரிச்சாரும்மா."

"சிரிச்சா கன்னத்துல குழி விழுதா?"

"ஏழு படிக்குக் கீழ நிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"கண்ணு மங்கறதுக்குள்ள ஒருதரம் பாத்துட்டாப் போதும்."

மன்னருக்கு நாற்பதாவது பிறந்தநாள் வந்தது. அரண்மனை முழுதும் தூய்மையாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். செங்கானைக் கண்டாலே வயிறெரியும் பிரதானி பரமேசுரர் எழுந்தார்.

"மன்னவா, தெற்குத் தெருவார் கைபட்டது எதுவும் அரண்மனையில் இருக்கலாகாது. இனம்காணச் செங்கானே தகுந்தவன். பொழுது சாய்வதற்குள் அவன் எல்லாவற்றையும் வெளியேற்றட்டும். ஒன்று மீந்தாலும் அவனை நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

செங்கான் வணங்கிவிட்டு வேலையைத் தொடங்கினான். முத்தன் காய்ச்சிய உப்பு போயிற்று. காத்தாயி குத்திய அரிசி போயிற்று. பாய்கள், முரசு, மன்னரின் காலணி, எல்லாவற்றையும் காவலர்கள் சுமந்து போனார்கள். பிரதானி ரசித்துக்கொண்டிருந்தார். செங்கான் அவர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, அந்தச் சால்வையை வெளுத்தது எங்கள் தெரு வீரன்."

சால்வை போயிற்று.

"வேட்டியும் அவன் வெளுத்ததுதான்."

"செங்கான், வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்தான் ஐயா. உத்தரவு கேட்கமாட்டேன் என்கிறதே."

தோட்டத்திலிருந்து இரண்டு வாழையிலை வரவழைத்தார்கள்.

மண்டபம் வெறுமையாயிற்று. மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "முடிந்ததா?"

"இன்னும் ஒன்று இருக்கிறது, மகாராஜா."

"எது?"

"தாங்கள்."

பிரதானி வாழையிலையோடு முன்னால் வந்தார். "என்ன துணிச்சல்."

"மகாராஜாவை முதலில் தொட்டவை என் அம்மாவின் கைகள். தெற்கு மதிலில் இடித்து அடைத்த இடம் இன்னும் நிறம் மாறித் தெரிகிறது."

மன்னர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வென்றாய், செங்கான். என்ன பரிசு வேண்டும்?"

"தங்கள் முகத்தை என் அம்மா ஒருமுறை பார்க்கவேண்டும்."

"அழைத்துவரச் சொல்."

பிரதானி மெல்லக் கேட்டார். "எந்த வழியாக, மன்னவா? மதிலை இடிக்கட்டுமா?"

மன்னரின் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்து ஏழு படியும் இறங்கினார்.

"வெளியேற வேண்டியவன் நான்தானே. பரமேசுரரே, வாசல் திறந்தே இருக்கட்டும். கொண்டுபோனதையெல்லாம் தெற்குத் தெருவாரே அந்த வழியாக உள்ளே கொண்டுவரட்டும். இனி அவர்களை யாரும் தடுக்கக்கூடாது."

வெறுங்காலோடு நடந்தார். செங்கான் பின்னால் போனான்.

வெள்ளாச்சி தன் வீட்டு வாசலில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று யாரும் சொல்லவில்லை.

"வந்துட்டியா சாமி" என்றாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தருகே கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. மகனைப் பார்த்தாள்.

"தொடலாமாடா?"

மன்னர் குனிந்தார். அவள் கைக்கு எட்டும்வரை குனிந்தார்.