மேற்கு கேலரியின் இருபத்து நான்கு இடங்கள்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. மணல்துறையில் கால்பந்து அரங்கம் கட்டிய காலத்தில் ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. சீடர் அதற்கெல்லாம் அசரவில்லை.

சீடரின் பெயர் கஸ்பார். பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் பேருந்து நிலையமும் மேல்நிலைத் தொட்டியும் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் நாச்சியார், விளையாட்டு அரங்கங்களை மட்டுமே வரைகிறவர். முன்பு நான்கு வருடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்ததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அரங்கத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று கஸ்பார் டீச்சரிடம் போய் நின்றார்.

"எனக்குத் தண்ணித் தொட்டி கட்டத் தெரியும் டீச்சர். ஆளுங்க சந்தோஷப்பட வர்ற எடம் ஒண்ணுகூடக் கட்டினதில்ல. கத்துத் தாங்க."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான். சீடராகச் சேர்ந்தாகிவிட்டது.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையைக் கஸ்பார் தீர்த்துவைத்தார். காலையில் வாயைத் திறந்தால் மாலையில்தான் மூடுவார். பாதி நேரம் பேச்சு கால்பந்தைப் பற்றியே இருக்கும். மணல்துறை அணி ஆடிய ஆட்டங்களில் அவர் பார்க்காதது ஒன்றுகூட இல்லை.

அரங்கத்துக்குப் பாதிப் பணம் ஊர்க்காரர்கள் பங்கு வாங்கிக் கொடுத்தது. படகுக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், கப்பலில் வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். மீதிப் பாதி வங்கிக் கடன். வங்கி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பன்னிரண்டாயிரம் பேர் ஆட்டம் பார்க்க இடம் இருக்க வேண்டும். அதற்கு ஒன்று குறைந்தாலும் அடுத்த தவணை வராது. தூணும் கூரையும் மட்டும் கடற்காற்றில் துருப்பிடித்து நிற்கும்.

தூண்கள் எழும்பி, கூரை உத்திரமும் ஏறிய பிறகு, டீச்சர் மேற்கு கேலரியின் படிவரிசைகளை வரையும் வேலையைக் கஸ்பாரிடம் கொடுத்தார். கஸ்பார் ஒரு மாதம் அதிலேயே கிடந்தார். கடைசியில் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"மொத்த அரங்கத்துக்கும் பன்னிரண்டாயிரத்து நாப்பது எடம் வருது டீச்சர். வங்கி கேட்டதுக்கு மேலயே இருக்கு."

டீச்சர் குனிந்து பார்த்தார். நுழைவழியின் மட்டத்தில், ஒரே நீளமாக, சக்கர நாற்காலிகளுக்கு இருபத்து நான்கு இடங்கள் இருந்தன.

"சட்டம் கேக்குறது பன்னிரண்டுதான். நான் ரெட்டிப்பாப் போட்டிருக்கேன்," என்றார் கஸ்பார். "சாய்தளத்துல ஏறி நேரா வந்துரலாம். முன்னால உக்கார்றவன் தலைக்கு மேல ஒன்பது சென்டிமீட்டர் பார்வை போகுது. மூணு தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அந்த இருபத்து நான்கில் ஒன்று யாருக்கு என்று டீச்சருக்குத் தெரியும். கஸ்பாரின் மனைவி செலினாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து கால்கள் விளங்காமல் போய்விட்டன. தையல்காரர். மணல்துறை அணியின் சட்டைகளில் எண்களைத் தைப்பது அவர்தான். ஆனால் அந்தச் சட்டைகள் ஓடி ஒரு நாளும் பார்த்ததில்லை. பழைய மைதானம் முழுக்க மணல், சக்கரம் புதைந்துவிடும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கஸ்பார் வீட்டுக்கு வந்து, கோல் விழுந்த கதையை மனைவிக்குச் சொல்வார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடமாக இதுதான் நடக்கிறது.

டீச்சர் பேனாவை எடுத்தார். மறுபடி மூடி போட்டு வைத்துவிட்டார்.

"கணக்குல தப்பு இருக்கா டீச்சர்?"

"இல்ல."

"சட்டப்படி சரியா இருக்கா?"

"இருக்கு."

"பெறகு ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?"

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க."

"திங்கக்கிழமை இத வங்கியில குடுக்கணும்."

"சனிக்கிழமைக்கு அப்புறம்தான திங்கக்கிழமை," என்றார் டீச்சர்.

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவர் டீச்சரோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், செலினா கொடுத்தனுப்பிய மீன் குழம்பை வழக்கம்போல இரண்டு பங்காக்கி ஒன்றை டீச்சர் பக்கம் தள்ளி வைத்தார்.

எந்தக் கேலரிக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால், அதில் ஒரு துண்டைப் பலகையாலும் இரும்புக் குழாயாலும் அதே உயரத்தில், அதே அளவில் கட்டிப் பார்ப்பது டீச்சரின் வழக்கம். கஸ்பாரின் வரைபடத்தை வைத்து, மைதானத்தின் ஓரத்தில் எட்டு வரிசை கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர்களுக்கும் ஆட்டம் நடக்கும். மற்ற தொழிலாளர்கள் அந்தப் பலகைகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

செலினா நீலப் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மைதானத்தைப் பார்க்கிறார்.

"இவ்வளவு பெருசா?" என்று கேட்டார்.

"பின்ன? நான் சொன்னேம்லா."

"நீங்க சொன்னதுல புல்லே இல்ல."

"அங்க ஏது புல்லு, சொல்றதுக்கு?"

சாய்தளத்தில் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏறியது. செலினா தன் இடத்துக்கு வந்து சேர்ந்தார். கஸ்பார் பக்கத்தில் நின்றுகொண்டார். ஆட்டம் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. மனைவிக்கு நேர் முன்னால் இருந்த பலகைக்கு இறங்கி, விளிம்பில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தார்.

"எந்தலை மறைக்குதா?"

"இல்ல, நல்லாத் தெரியுது."

கஸ்பார் டீச்சரைப் பார்த்தார். கேட்டீர்களா என்பதுபோல ஒன்பது விரல்களைக் காட்டினார். டீச்சர் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் கம்பிக்காரர்களின் நெட்டைப் பையன் ஒருவனுக்குப் பந்து கிடைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் எழுந்தார்கள். நாற்பதில் முதல் ஆளாக எழுந்தவர் கஸ்பார். கோல் விழுந்தது. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் ஒரியாவிலும் தமிழிலும் கூச்சல் கிளம்பியது. கஸ்பார் பக்கத்திலிருந்த கொத்தனாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"யாருங்க போட்டா?" என்று பின்னாலிருந்து செலினா கேட்டார்.

கஸ்பார் திரும்பினார்.

"அந்த நெட்டைப் பையன் செலினா. வலது பக்கத்துல இருந்து பந்து வருது. நெஞ்சுல வாங்கி எறக்குறான். ஒருத்தன் காலுக்கு வாரான், அவனத் தாண்டி, இன்னொருத்தனத் தாண்டி, எடது கால்ல..."

கையும் காலும் ஆட்டிச் சொன்னார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வதைப் போலவே சொன்னார். செலினாவும் வீட்டில் கேட்பதைப் போலவே கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"எடது கால்ல..." என்று மறுபடியும் சொன்ன கஸ்பார் அதோடு நிறுத்திவிட்டார்.

கோல் விழுந்தது செலினாவின் கண்ணுக்கு நேர் எதிரே. நடுவில் இருந்தது கஸ்பாரின் முதுகு.

"சொல்லுங்க, எடது கால்ல?" என்றார் செலினா.

கஸ்பார் பலகையிலிருந்து இறங்கி, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

செலினாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கஸ்பார் டீச்சரிடம் வந்தார்.

"ஆளுங்க எந்திரிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல டீச்சர்."

கஸ்பாரே தொடர்ந்து சொன்னார்.

"முன்னால ரெண்டு வரிசையில போர்டு வச்சிருவோம். ஆட்டம் முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு. காவலுக்கு ரெண்டு பேரப் போடுவோம்."

"அந்த வரிசையில நீங்க இருந்தா உக்காந்திருப்பீங்களா அண்ணாச்சி?"

பிறந்ததிலிருந்து ஒரு கோலையும் கஸ்பார் உட்கார்ந்து பார்த்ததில்லை. மணல்துறையில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு, உட்கார்ந்தே இருக்கும் பன்னிரண்டாயிரம் பேரை வரைந்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் கணக்குப் போட்டார். நிற்கிறவன் தலைக்கு மேலே பார்வை போக வேண்டுமானால், அந்த இருபத்து நான்கு இடங்களையும் இன்னும் எண்பத்தைந்து சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அதை உயர்த்தினால் பின்னாலுள்ள வரிசைகளும் உயரும். கூரை உத்திரம் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆகவே மேலே இரண்டு வரிசை போய்விடும். இருநூற்றுப் பன்னிரண்டு இடம் காலி. மொத்தம் பதினோராயிரத்து எண்ணூற்று இருபத்தெட்டு. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நூத்து எழுபத்திரண்டு எடம் ஒதைக்குது டீச்சர். வங்கிக்காரன் ஒத்துக்க மாட்டான். ஒரு பக்கம் ஊர்ப் பணம். ஒரு பக்கம் அவ. நான் எங்கன்னு போவேன்?"

டீச்சர் அவருக்கு ஒரு தம்ளர் காப்பி கொடுத்தார். பிறகு கேட்டார்.

"கோலுக்குப் பின்னால தெற்கு கேலரி. அங்க யாரு வருவாங்க?"

"நம்ம கடற்கரைப் பயலுவதான். கொட்டு அடிக்கிறவனுவ. அவனுவ என்னைக்கு உக்காந்தானுவ? சும்மா நாற்காலிய ஒடச்சுத்தான் போடுவானுவ."

சொல்லி முடித்தவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"நிக்கிறவனுக்கு எதுக்கு டீச்சர் நாற்காலி?"

டீச்சர் பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினார். தெற்கு கேலரியில் நானூறு நாற்காலிகளை எடுத்துவிட்டு, வரிசைக்கு ஒரு கைப்பிடிக் குழாய் போட்டால், இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் பத்திரமாக நிற்கலாம். நானூறு அறுநூறாகும். கஸ்பார் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டாயிரத்து இருபத்தெட்டு.

டீச்சர் அப்போதே கையெழுத்துப் போட்டார்.

வங்கி அதிகாரிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "ரெண்டு மணி நேரம் காசு குடுத்து நின்னு பாப்பாங்களா சார்?" என்று கேட்டார்.

"எங்க ஊரு ஆட்டம் ஒண்ணுக்கு வாங்க சார். உக்காந்திருக்கவன் ஒருத்தனக் காட்டுங்க, நான் வரைபடத்தக் கிழிச்சுப் போடுதேன்," என்றார் கஸ்பார்.

அதிகாரி பழைய மைதானத்துக்கு வந்தார். அவருக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இடைவேளைக்கு முன்பே அவர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் தவணை வந்தது.

பதினான்கு மாதம் கழித்து அரங்கம் திறந்தது. முதல் ஆட்டத்தன்று மேற்கு கேலரியில் சக்கர நாற்காலிகளுக்கான இருபத்து நான்கு இடங்களும் நிறைந்திருந்தன. செலினா ஏழாவதாக இருந்தார். பக்கத்துத் துணை இருக்கையில் கஸ்பார். எழுபதாவது நிமிடத்தில் மணல்துறை ஒரு கோல் போட்டது. முன்னால் அத்தனை பேரும் எழுந்து குதித்தார்கள். அவர்கள் தலையெல்லாம் செலினாவின் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

ஆட்டம் முடிந்தது. டீச்சர் படிக்கட்டின் கீழே கடிகாரத்துடன் நின்று, கூட்டம் எத்தனை நிமிடத்தில் வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார் இறங்கி வந்து அவர் எதிரில் நின்றார்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்."

"கோல் எப்படி அண்ணாச்சி?"

கஸ்பார் தலையைச் சொறிந்தார்.

"பாக்கல."

டீச்சர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"பந்து உள்ள வருதுன்னதும் அவ மொகத்தப் பாத்தேன். பெறகு அந்தப் பக்கம் திரும்பவே தோணல. யாரு போட்டான், எந்தக் கால்ல போட்டான், ஒண்ணும் தெரியல. இத்தன வருஷத்துல ஒரு கோல் விட்டதில்ல டீச்சர். இப்ப வீட்டுக்குப் போயி என்னத்தச் சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். சோத்தப் போட்டுட்டு உக்காருங்க. அக்கா சொல்லுவாங்க."