பதினேழாவது வளைவு

ஓர் எண்ணுக்காக ஏங்கிய பெண்ணின் கதை இது. முடிவில் ஒரு கேள்வி வரும். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது; அவசரப்படாமல் கேட்டால் கிடைத்துவிடும்.

வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதில் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் லூர்துராஜ். சனங்கள் பயப்படாமல் இருக்க வளைவுக்கு வளைவு ஏதாவது பேசிக்கொண்டே வருவார். பதினேழாவது வளைவில் மட்டும் பேச மாட்டார். அங்கே பாறை பாதையை மறைக்கும். மேலேயிருந்து வண்டி வருகிறதா என்பதை டிரைவர் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லூர்துராஜ் வாயில் விரலை வைப்பார், பஸ்ஸே அடங்கிவிடும்.

கோயம்புத்தூரில் திவாகர் என்ற இளைஞன் அந்தப் பாதையை வீடியோ கேமாகச் செய்தான். ஆடுகிறவர் பஸ்ஸை ஓட்ட வேண்டும். கண்டக்டர் குரல் லூர்துராஜுடையது. ஆறு நாள் உட்கார்ந்து மொத்தப் பாதைக்கும் பேசிக் கொடுத்தார். பதினேழில் தன் குரல் வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டும் வந்தார். வந்த அன்று மனைவி பிலோமினாவிடம், "நாப்பதாவது வளைவுல உன்னப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றார். என்னவென்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். "வெளிய வரட்டும், கேட்டுக்கோ. இப்பச் சொன்னா சண்டைக்கு வருவ."

கேம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெளிவந்ததோ முதல் பாகம்தான், இருபது வளைவுகள். பிலோமினா தன் செல்போனிலேயே ஆடப் பழகினாள். முதலில் பஸ்ஸைப் பள்ளத்தில் விட்டாள், பிறகு பிடிபட்டுவிட்டது. பல தடவை பதினோராவது வளைவில் படம் உறைந்து நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அவர் சொல்வதை இன்னொரு தடவை கேட்கலாமே. இருபதாவது வளைவில், "டீ குடிக்கிறவங்க குடிக்கலாம், பத்து நிமிஷம் வண்டி நிக்கும்" என்பார். அத்தோடு கேம் முடிந்துவிடும்.

மிச்சக் குரலையாவது கொடு என்று திவாகரிடம் கேட்டுப் பார்த்தாள். வெளிவரும்வரை யாருக்கும் தரக் கூடாதென்று முதல் போட்ட கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் அக்கா என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கம்பெனியோ, 'பொத்தான்' என்ற விமர்சனத் தளத்தில் ஏழு மதிப்பெண் வந்தால்தான் இரண்டாம் பாகம் என்று சொல்லியிருந்தது.

'பொத்தான்' தளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் தனித்தனியே ஆடி, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். சராசரிதான் கேமின் மதிப்பெண். விமர்சனத்தின் அடியில், 'கடைசிவரை ஆடினேன்' என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடாதவர் மதிப்பெண் செல்லாது; மற்றவர் போட்டதே நிற்கும்.

முகுந்தன் என்பவன் ஐந்து போட்டான். நிவேதா என்பவள் ஒன்பது போட்டாள். சராசரி சரியாக ஏழு.

பிலோமினா ஐந்து போட்டவன் எழுதியதைத் தொடக்கூட இல்லை. அவன்மேல் அவ்வளவு எரிச்சல். நிவேதா எழுதியதைத்தான் ஆசை ஆசையாகப் படித்தாள். நடுவில் ஒரு வரி வந்தது: 'இருபது வளைவிலும் கண்டக்டரின் குரல் நம் தோளைத் தொட்டுக்கொண்டே வருகிறது.' பிலோமினா நிறுத்தினாள். திரும்பப் படித்தாள். அடியில், 'கடைசிவரை ஆடினேன்' என்றும் இருந்தது.

இவள் பதினேழுவரை ஆடவே இல்லை என்று நாத்தனார் ஸ்டெல்லாவிடம் சொன்னாள். ஸ்டெல்லா அரிசி களைந்துகொண்டே, "ஏழு வந்துருச்சுல்ல அண்ணி? வாய மூடிக்கிட்டு இருங்க. எங்கண்ணன் கொரல் எனக்கும் வேணும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அன்று முழுக்க நாற்பதாவது வளைவையே நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? குழம்பில் உப்பு போட மறப்பதையா, பாதி தூக்கத்தில் பேசுவதையா?

மறுநாள் மனசு கேட்காமல் முகுந்தன் எழுதியதைத் திறந்தாள். ஸ்டியரிங் வழுக்குகிறது, பதினொன்றில் படம் உறைகிறது, இதை இப்படியே விற்பது தப்பு என்று வரிசையாகக் குறை. அவள் அறிந்த குறைகள்தான். கடைசியில் இப்படி இருந்தது: 'பதினேழாவது வளைவில் கண்டக்டர் பேசவில்லை. கோளாறோ என்று மூன்று முறை கீழிருந்து ஏறி வந்து பார்த்தேன். கோளாறு இல்லை. அங்கே நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். இந்தக் கேமில் மிக நல்ல இடம் அதுதான்.'

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் தளத்துக்கு ஒரே வரி எழுதி அனுப்பினாள். 'பதினேழில் அவர் பேச மாட்டார். நான் அவர் மனைவி.'

தளத்தார் விசாரித்தார்கள். நிவேதா மறைக்கவில்லை. அந்தக் கண்டக்டர் மனைவியின் கதையை முன்பே கேள்விப்பட்டிருந்தேன், படம் உறைந்து உறைந்து பதினான்கோடு நிறுத்திவிட்டேன், மிச்சக் குரல் அந்த அம்மாவுக்குக் கிடைக்கட்டுமே என்று ஒன்பது போட்டேன் என்றாள். ஒன்பது நீங்கியது, ஐந்து நின்றது. இரண்டாம் பாகம் இல்லையென்று ஆனது. ஸ்டெல்லா ஒரு வாரம் பேசவில்லை.

நிவேதா இரக்கப்பட்டுப் போட்டாள். முகுந்தன் மனசில் பட்டதைப் போட்டான். பிலோமினா கைக்கு வந்த ஏழு மதிப்பெண்ணைத் தானே கலைத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நிவேதா நல்ல மனசுக்காரிதான், ஆனால் கேட்காத குரலுக்கு மதிப்பெண் போட்டாள். முகுந்தன் நேர்மையானவன், ஆனால் அதனால் அவனுக்கு எதுவும் நஷ்டமில்லை. சரியாகச் செய்தவள் பிலோமினா. ஒன்பதை ஒப்புக்கொண்டால் லூர்துராஜ் பதினேழிலும் பேசினார் என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படி ஒரு மனிதரோடு அவள் குடும்பம் நடத்தவில்லை. இப்போதும் தினமும் பஸ்ஸை இருபதுவரை ஏற்றிக்கொண்டு போகிறாள். பத்து நிமிஷம் வண்டி நிக்கும் என்கிறார் அவர். அவளும் செல்போனை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.