மூன்று ஜாடிகளும் ஒரு மயில்விசிறியும்

வெகு காலத்துக்கு முன்னே, கடல் தாண்டிப் போனவர் ஊர் திரும்பி வந்தால் அதற்கே விருந்து வைத்த காலத்தில், மஞ்சாடிபுரம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை, நடுவே அரண்மனை. அரசர் பெயர் வச்சிரபூபதி. அவருக்கு ஒரே மகள், நீலலோசனி. கண்ணழகைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் அந்தக் கண்ணால் பார்க்க அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றும் கொடுக்கவில்லை!

அந்த வம்சத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அரண்மனையில் பிறந்த பெண், கல்யாணமாகிப் போகும்வரை ஏழு வாசலைத் தாண்டக் கூடாது. யார் போட்ட கட்டுப்பாடு? தெரியாது. எதற்குப் போட்டார்கள்? அதுவும் தெரியாது. ஆனால் ஏழு வாசலிலும் பூட்டு மட்டும் பூசணிக்காய் அளவுக்குத் தொங்கியது.

துறைமுகத்துக்கு வரும் வணிகர்கள் அரசவையில் கதை கதையாகச் சொல்வார்கள். வடக்கே பனி தேசத்தில் வானத்தில் பச்சைத் திரை ஆடுகிறதாம். எங்கோ ஒரு பெரிய நதி மொத்தமாகக் குதிக்கிறதாம். இன்னொரு இடத்தில் வானமே தரையில் கிடக்கிறதாம். நீலலோசனி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பாள்.

"அப்பா, எனக்கு இதையெல்லாம் பார்க்கணும்."

"பட்டு வேணுமா, கேளு. முத்து வேணுமா, கேளு. வாசலைத் தாண்டுற பேச்சு மட்டும் வேண்டாம், கண்ணு."

"பட்டும் முத்தும் பெட்டியில இருக்கு. எனக்கு உலகம் வேணும்!"

சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. திறந்தால் மலை தெரியும். ஆனால் தினமும் அதே மலையை யார் பார்ப்பது? அரண்மனையில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை போட்டு வைத்திருந்தார்கள், தூசி வருகிறதென்று.

அவளுக்குப் பின்னால் மயில்விசிறி வீச ஒரு பெண் நின்றாள். இளவரசி வயசுதான் அவளுக்கும். விசிறி வீசுகிறவர்கள் முன்னால் வரக் கூடாது என்பது அரண்மனைப் பழக்கம். அவளை எல்லோரும் "ஏ விசிறி!" என்றே கூப்பிட்டார்கள். வெயில் நாளில் காற்று வந்துகொண்டிருக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

மகள் சாப்பிடாமல் கிடந்ததில் அரசருக்கு மனசு உடைந்துபோயிற்று. எந்த வைத்தியர் பேச்சும் எடுபடவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் மந்திரவாதி ஜம்பகேது. நெட்டையான உருவம், ஓயாத சிரிப்பு, தோளில் ஒரு கறுப்புப் பை.

"இளவரசி உலகத்துக்குப் போக வேண்டாம், அரசே. உலகத்தை நான் ஜாடியில் அடைத்துக் கொண்டுவருகிறேன்."

"விலை என்ன?"

"பெரிய விலை இல்லை. ஒவ்வொரு ஜாடிக்கும், இந்த அரண்மனையில் யாரும் பார்க்காத ஒன்றை எடுத்துக்கொள்வேன்."

அரசர் யோசித்தார். "யாராவது பார்த்திருந்தா?"

"ஒரே ஒருவர் பார்த்திருந்தாலும் என் மந்திரம் செல்லாது. எடுத்ததெல்லாம் எடுத்த இடத்துக்கே திரும்பிவிடும். என் மந்திரக்கோல்மேல் ஆணை!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "யாரும் பார்க்காததை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்? எடுத்துக்கோ!"

ஜம்பகேது முதல் ஜாடியைக் கொண்டுவந்தான். விளக்கு வைக்கிற நேரம். இளவரசியின் அறை விளக்குகளை அணைத்துவிட்டு அரக்கு முத்திரையை உடைத்தான். உள்ளேயிருந்து பச்சை ஒளி எழுந்து, துணி காயப்போட்டதுபோல அசைந்து அசைந்து ஆடியது.

"இது வடதுருவத்து வானம்," என்றான். "சூரியனிலிருந்து கண்ணுக்குத் தெரியாத காற்று ஒன்று ஓயாமல் வீசுகிறது. அது பூமியின் உச்சியில் உள்ள காற்றில் வந்து மோதும்போது வானம் இப்படி மினுங்கும்."

நீலலோசனி எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாப்பிட்டாள். ஆனால் நடுவில் சட்டென்று விசிறிக்காற்று நின்றுவிட்டது. கோபமாகத் திரும்பினாள். விசிறிப் பெண் ஜன்னல் திரையை விரலால் விலக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"மலையடிவாரத்து மின்மினியெல்லாம் ஒண்ணா அணைஞ்சுபோச்சும்மா. மழைக்கு முன்னால மரம் மரமா மின்னும். எல்லாம் ஒண்ணா மின்னும், ஒண்ணா அணையும். இன்னிக்கு அணைஞ்சது திரும்ப மின்னவே இல்லைம்மா."

"வானமே வந்து நிக்குது, நீ பூச்சியப் பத்திப் பேசுறியா? சும்மா வீசு!"

சில நாளில் பச்சை ஒளி பழகிப்போயிற்று. ஜாடிக்குள் இருக்கிற வானம் எவ்வளவு நாளைக்குப் புதிதாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள். மறுபடியும் இளவரசி முகம் வாடியது. மறுபடியும் ஜம்பகேது வந்தான்.

"விலை அதேதான், அரசே. இந்த அரண்மனையில் யாரும் பார்க்காத ஒன்று."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ!"

இரண்டாவது ஜாடியில் ஓர் அருவி. இன்றைக்கு நாம் ஆப்பிரிக்கா என்கிறோமே, அங்கே ஒரு மகா நதி அப்படியே பாறைப் பிளவுக்குள் விழுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை இடியாய் முழங்கும் புகை என்பார்கள். நீர்த்திவலை அவ்வளவு உயரம் எழும்பும். பௌர்ணமி நிலா வெளிச்சத்தில்கூட அதில் வானவில் தெரியும். ஆனால் ஜாடிக்குள் அது முழ உயரம்தான் விழுந்தது. சத்தம் சோறு கொதிக்கிற சத்தம்தான். இளவரசி கை தட்டினாள். மறுபடியும் காற்று நின்றது.

"மலை மேல குறிஞ்சி பூத்திருந்துச்சும்மா," என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "நேத்துவரைக்கும் மலையே நீலமா இருந்துச்சு. இப்ப ஒரு பூ இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதாம்மா பூக்கும். நீங்க பிறந்த வருஷம் பூத்துச்சாம். இனி எப்பப் பார்க்கிறது?"

"சும்மா வீசு!" என்றாள் நீலலோசனி. இந்த முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருவியும் பழகிப்போயிற்று. அரசர் துறைமுகத்துக்குப் போயிருந்த நாளில் இளவரசியே மந்திரவாதிக்கு ஆள் அனுப்பினாள்.

"விலை அதேதான், இளவரசி. இந்த அரண்மனையில் யாரும் பார்க்காத ஒன்று. அப்பா இல்லையே, நீங்கள் சொன்னாலும் சரி."

"எடுத்துக்கோ!" என்றாள் நீலலோசனி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மூன்றாவது ஜாடியை வெட்டவெளி முற்றத்தில் கவிழ்த்தான். வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டிப் பரவியது. அதன்மேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. தென் அமெரிக்காவில், மலைகளுக்கு மேலே, ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய உப்பு வெளி அது. மழை பெய்தால் தண்ணீர் அதன்மேல் கண்ணாடிபோல் நிற்கும். மேலே மேகம், காலடியிலும் மேகம். எது வானம், எது தரை என்று நடப்பவருக்கே தெரியாது.

நீலலோசனி நடுவில் ஆசனம் போட்டு உட்கார்ந்தாள். குனிந்தால் காலடியில் மேகம் நகர்ந்து போயிற்று. ஆகா என்று சொல்ல வாயெடுத்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஏ விசிறி, ஏன் நிறுத்திட்டே?"

கேட்டுக்கொண்டே காலடிக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஆசனம் தெரிந்தது. அவள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. மயில்விசிறி மட்டும் தண்ணீரில் கிடந்தது.

நீலலோசனி எழுந்து ஓடினாள். சமையல்காரரிடம் கேட்டாள். "எந்தப் பொண்ணும்மா?" என்றார். காவல்காரரிடம் கேட்டாள். "எந்தப் பொண்ணும்மா?" தன் செவிலித்தாயிடம் கேட்டாள். அவளும், "எந்தப் பொண்ணு, கண்ணு? காத்துதான் வரும். ஆளைப் பார்த்ததில்லையே," என்றாள்.

ஜம்பகேது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"நில்லு! அந்தப் பொண்ணை விடு. அவ பொருள் இல்லை!"

"யாரும் பார்க்காத ஒன்று என்றுதானே சொன்னேன், இளவரசி? பொருளா ஆளா என்று நீங்கள் கேட்கவில்லையே. எடுத்துக்கோ என்றது உங்கள் வாய்."

"நான் அவளைப் பார்த்திருக்கேன்!"

"அப்படியா? அவள் பெயர் என்ன?"

"விசிறி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஜம்பகேது சிரித்தான்.

"அது கையில் இருந்ததன் பெயர். போகட்டும். அவள் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. வலப்பக்கமா, இடப்பக்கமா?"

நீலலோசனி யோசித்து யோசித்துப் பார்த்தாள். நாள் முழுக்க ஒரு கை தூரத்தில் நின்றவள். முகம் நினைவுக்கு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்கும். ஆனால் அவள், "தெரியாது," என்றாள். உண்மையைச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள்.

"அப்படியானால் மூன்றாவதாக நீங்களே சொல்லுங்கள். அவளிடம் ஏதாவது ஒன்றை, ஒரே ஒன்றைப் பார்த்ததுண்டா?"

நீலலோசனி கண்ணை மூடினாள். பச்சை ஒளி ஆடிய சாயங்காலம். காற்று நின்றது. திரும்பினாள். அங்கே...

"முதல் ஜாடியைத் திறந்தப்ப எல்லாரும் ஜாடியைப் பார்த்தாங்க. அவ மட்டும் திரையை ஒரு விரலால விலக்கி வெளியே பார்த்தா. அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திட்டினேன். ஏன் அழறேன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. ஆனா பார்த்தேன்!"

மந்திரவாதியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. கறுப்புப் பை திமிறியது. அவன் இறுக்கிப் பிடித்தான், இன்னும் திமிறியது. வாய் அவிழ்ந்து, அந்தப் பெண் மூச்சிரைக்க முற்றத்தில் வந்து நின்றாள். இளவரசி விடவில்லை.

"இரு! மின்மினியை அவ பார்த்தா. குறிஞ்சியை அவ பார்த்தா. பிறகு யாரும் பார்க்காததுன்னு எப்படி எடுத்தே?"

"அவளையே எவரும் பார்த்ததில்லை. அதனால் அவள் பார்த்தது சேர்த்தி இல்லை," என்று முணுமுணுத்தான் ஜம்பகேது.

"இப்ப நான் அவளைப் பார்த்தேன்ல? அப்ப அவ பார்த்ததும் சேர்த்திதான்!"

மந்திரக்கோல்மேல் இட்ட ஆணை பொய்க்குமா? கோல் இரண்டாக முறிந்தது. ஜாடிகள் படார் படாரென்று வெடித்தன. பச்சை ஒளி வடக்கே பறந்தது. அருவி நீராவியாகி மேற்கே போயிற்று. முற்றத்து உப்பு துகள் மிச்சமில்லாமல் மறைந்தது. எங்கேயோ பனி தேசத்தில், பல நாளாக வெறும் இருட்டையே பார்த்துச் சலித்திருந்த குழந்தைகள், "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். ஜம்பகேது தலையைக் குனிந்துகொண்டு ஏழு வாசலையும் கடந்து போனான். அவன் போனதை எந்தக் காவல்காரரும் கவனிக்கவில்லை. அவனுக்கு அது வேண்டியதுதான்.

முற்றத்தில் அந்தப் பெண் பழக்கதோஷத்தில் குனிந்து விசிறியை எடுத்துக்கொண்டு, இளவரசிக்குப் பின்னால் போய் நின்றாள். நீலலோசனி திரும்பி நின்றாள். விசிறியை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். தழும்பு இடப்பக்கம்தான் இருந்தது.

"உன் பேர் என்ன?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை இந்த அரண்மனையில் யாரும் கேட்டதில்லை, பாவம்.

"மருதாயி," என்றாள்.

"மருதாயி, எனக்கு மலையைக் காட்டுறியா?"

இருவரும் உள்ளே போய், சேர்ந்து ஜன்னல் திரையை இழுத்து விலக்கினார்கள். மலை முழுக்க நீலம், உச்சிவரை நீலம். தான் பிறந்த வருஷத்தில் பூத்த பூவை நீலலோசனி அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். துறைமுகத்திலிருந்து திரும்பிய அரசர் மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டார். அவர் அங்கேயே நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏழு பூட்டையும் உடைக்கச் சொன்னார்.

இரண்டு பெண்களும் அன்றே மலையேறினார்கள். மின்மினி பார்த்தார்கள். வளர்ந்த பிறகு கப்பலேறி, புகையாய் எழும்பும் அருவியின் சாரலில் தொப்பலாக நனைந்தார்கள். வானம் கிடக்கும் உப்பு வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். கடைசியாக வடக்கே போனார்கள். தலைக்கு மேலே அடிவானம் முதல் அடிவானம்வரை பச்சைத் திரை விரிந்து ஆடியது. கப்பலில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீலலோசனியும் பார்த்தாள், பிறகு ஒரு கணம் பார்வையைத் தாழ்த்திப் பக்கத்தில் பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில் மருதாயியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏன் அழறே, மருதாயி?" என்று கேட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.