சாக மறுத்த சிப்பாய்கள்

"இது அநியாயம் இல்லையாம்மா?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் வெள்ளைத்துரை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றபின் மடத்தில் தியானம் பழகுபவர். குரு அம்பலவாணி அம்மாள் அவரைவிட இளையவர். துறவுக்கு முன் டாக்டராக இருந்தவர்.

"எது?"

"எம் பொண்ணுக்கு மாத்திரை எழுதியிருக்காங்க. எதுக்குன்னேன். ரத்தத்துல இருக்கிற டி செல்லுங்கிற வெள்ளை அணுக்களை அடக்கறதுக்காம். கிருமியோட சண்டை போட்டு நம்மளக் காப்பாத்துறதே அதுங்கதானாம்!"

"ஆமாம்."

"சண்டை முடிஞ்சதும் அதுங்க சாகணுமாம். சண்டைக்குக் கிளம்பும்போதே ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பூட்டு முளைச்சிடுமாம். கிருமி ஒழிஞ்சதும் கூட நின்ன தோழனே சாவியைப் போடுவானாம். உள்ளுக்குள்ளயே நொறுங்கிச் செத்துடுமாம். ஜெயிச்சவனுக்குப் பதக்கம் குடுப்பாங்களா, தூக்குக்கயிறு குடுப்பாங்களா?"

"உங்க மகளுக்கு?"

"பிறவியிலேயே பூட்டு பழுதாம். அதனால அதுங்க சாகலையாம். நல்லதுதானே? அதுக்கு மருந்து எதுக்கு?"

"மாத்திரை எங்கே?"

"ஆத்துல வீசிட்டேன்."

அம்மாள் வாசலில் நின்ற வெள்ளைத்துரையின் மகள் பூங்கோதையைக் கூப்பிட்டார். பத்தடி நடந்து வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கழுத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு கொட்டைப்பாக்காக உருண்டது.

"இது சின்ன வயசுலேருந்தே இருக்கும்மா. காய்ச்சல் வந்தா பெருக்கும்."

"காய்ச்சல் போனா?"

"வடியறதில்ல."

"கிருமி?"

"அது அப்பவே போயிடுச்சு."

"இந்தச் சிப்பாய்ங்க போகல, இங்கேயே தேங்கிட்டாங்க."

வெள்ளைத்துரை விடவில்லை. "இருக்கட்டுமே! காவலுக்கு நிக்கிறவனை எதுக்குக் கொல்லணும்?"

அம்மாள் பூங்கோதையின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

உள்ளே சிவப்பே இல்லை. வெளுத்த துணி மாதிரி இருந்தது.

"கிருமி இல்ல. ஆனா ரத்தம் அழிஞ்சுகிட்டே இருக்கு. கையில துப்பாக்கியோட நிக்கிறாங்க. யாரைச் சுடுறாங்க?"

வெள்ளைத்துரை மகளைப் பார்த்தார்.

பூங்கோதைதான் பேசினாள். இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் அவள் குரலில் நடுங்கியது.

"என்னை, அப்பா. என்னைத்தான் சுடுறாங்க. நீங்க அவங்க பக்கமா, எம் பக்கமா?"

செருப்பைக்கூட மாட்டாமல் மருந்துக்கடையை நோக்கி ஓடினார் வெள்ளைத்துரை.