கம்பியில்லாத பியானோ

அந்தக் காலத்தில், தவளைகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தாமரைக்கேணிக் குளத்திலிருந்து மழை ஓய்ந்த மாலைகளில் ஒரு சத்தம் எழும். முதலில் ஒற்றைக் குரல், ஈரத்தில் தளர்ந்த பறையை விரலால் சுண்டியது போல. எதிர்க்கரையிலிருந்து அதற்கு ஒரு பதில். அந்தப் பதிலுக்கு ஒரு பதில். சற்று நேரத்தில் தண்ணீரும் கோரையும் சேறும் சேர்ந்து பாடுவது போலிருக்கும். எருமைகள் இறங்கும், பெண்கள் துணி அடிப்பார்கள், பிள்ளைகள் கல்லெறிவார்கள். பாட்டு நிற்காது. காலடி கேட்டு வாய் மூட வேண்டும் என்று எந்தத் தவளைக்கும் தோன்றியதில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கூப்பிட்டால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். சண்டையில் இருந்தாலும் சரி, வாய் நிறையப் பூச்சி இருந்தாலும் சரி. கூப்பிட்ட குரலுக்குக் குளமே பேசாமல் இருந்தால், ‘நீ எங்களுக்குச் செத்துப்போனாய்’ என்று பொருள்.

அந்தக் குளத்தில் புள்ளியாள் என்ற தாய்த்தவளையும் அவள் மகள் மின்னியும் இருந்தார்கள். மின்னியின் குரல் மெல்லியது, கொஞ்சம் பிசிறடிக்கும். எத்தனை குரல்களுக்கு நடுவிலும் புள்ளியாள் அதைப் பிரித்து எடுத்துவிடுவாள்.

குளத்துக்கு மேற்கே ஜமீன் அரண்மனை. அங்கே கப்பலில் ஒரு பியானோ வந்து இறங்கியது. வெள்ளையும் கறுப்புமாய்க் கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி கம்பியைத் தட்டும். சம்பந்தி வீட்டார் வரும் நாளில் மகள் அதை வாசிக்க வேண்டும் என்பது ஜமீன்தாரின் ஆசை. ஆனால் ஐப்பசி மழை பியானோவையும் விடவில்லை. மரம் ஊறிப் பருத்தது, கம்பிகள் துருவேறி அறுந்தன. எந்தக் கட்டையை அழுத்தினாலும் ‘டொக்’ என்ற ஒரே சத்தம்.

“என்ன செய்வியோ தெரியாது. அது பாடணும். இல்லேன்னா இந்தச் சீமையில நீ உளி பிடிக்க முடியாது” என்றார் ஜமீன்தார், அரண்மனைத் தச்சர் இருளப்ப ஆசாரியிடம்.

கம்பிக்கு எங்கே போவது? ஆசாரி வாசலில் நின்று யோசித்தார். குளம் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவளைக்கும் ஒவ்வொரு சுதி இருப்பதைக் கவனித்தார். உள்ளே போய், அறுந்த கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார். பியானோவின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் வரிசையாக அறைகள் அடித்தார். கட்டையை அழுத்தினால் அறைக்குள் ஒரு குச்சி போய், உள்ளே இருப்பதன் முதுகில் குத்தும்படி செய்தார்.

அதற்குப் பிறகுதான் குளத்தில் தவளைகள் குறைய ஆரம்பித்தன.

“சாரைப்பாம்புதான். வேற யாரு?” என்றார்கள் கோரைப்பக்கத்தார்.

“பாம்பு பிடிச்சா ஒரு கத்தலாவது கேக்காதா? இது உள்ளூர் வேலை” என்றார்கள் படித்துறைப் பக்கத்தார்.

எல்லார் கண்ணும் பெருந்தொண்டை மாமன் மேல் போனது. குளத்திலேயே தாழ்ந்த குரல் அவருடையது. அவருக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். அவர் மட்டும் இருந்தார்.

“மாமா, நீங்க மட்டும் எப்படித் தப்பிக்கிறீங்க?”

“ஏன், நான் இருக்கிறது உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?”

“இல்ல, பாம்பு வீட்டுல பொண்ணு கிண்ணு எடுத்திருக்கீங்களோன்னு கேட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒருவர் இருக்கும் இலையில் இன்னொருவர் உட்காரவில்லை. ஆனாலும் மாலையானால் பாடினார்கள். கூப்பிட்டால் பதில் சொன்னார்கள். வழக்கத்தை விட்டவர்மேல் சந்தேகம் இன்னும் கூடுமே!

ஒரு மாலை, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்த மின்னியின் குரல் பாதியில் அறுந்தது.

புள்ளியாள் கரையேறி நேரே சாரைப்பாம்பின் புற்றுக்குப் போனாள். பாம்பு தலையை மட்டும் நீட்டியது.

“தானா நடந்து வந்திருக்கே. எனக்கு இப்படி ஒரு நாள் வரும்னு நினைக்கல.”

“என் மக எங்கே?”

“என் வயித்துல இல்ல. வேணும்னா உள்ளே வந்து பாரு.”

“பொய் சொல்றே.”

“இந்த மழைக்கு எலிதான் சாப்பிடறேன், தாயே. உங்க கூட்டமே தீர்ந்துகிட்டு வருது. தச்சர் ஒரு சின்னப் பெட்டியோட வர்றார். குச்சியால உள்ளே குத்துறார். உள்ளே இருக்கிறது கத்துது. உடனே உங்கள்ல ஒண்ணு பதில் சொல்லுது. சொன்ன இடத்துல கையை விடுறார். பதில் சொல்றவங்கதான் போறாங்க.”

“இதை எங்கிட்ட சொல்றதுல உனக்கு என்ன லாபம்?”

“நீங்க தீர்ந்துபோனா வெயில் காலத்துக்கு நான் என்ன திங்கிறது?”

அதுவரை சொன்ன எதையும் புள்ளியாள் நம்பவில்லை. இதை நம்பினாள்.

மறுநாள் மாலை தச்சர் வந்தார். பெட்டியைப் படித்துறையில் வைத்தார். உள்ளிருந்து மெல்லிய, பிசிறடிக்கும் குரல் கேட்டது.

“அம்மா! இங்கே இருட்டா இருக்கும்மா. இருக்கியா?”

புள்ளியாளின் தொண்டை தானாகவே புடைத்தது. பக்கத்தில் பெருந்தொண்டை மாமன் மூச்சை இழுத்தார். தச்சருக்குக் கடைசியாக வேண்டியிருந்தது அவர் குரல்தான். தாழ்ந்த கட்டை இன்னும் காலியாக இருந்தது. மாமனுக்கு அது தெரியாது. பிள்ளை கூப்பிடுகிறது, பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளியாள் பாய்ந்து அவர் வாயை இரண்டு கைகளாலும் பொத்தினாள்.

“பேசாதீங்க மாமா. யாரும் பேசாதீங்க. அந்தப் பெட்டி பொறி, பதில் சொன்னா பிடிச்சுடுவான்.”

“உன் மகடி அது!”

“தெரியுது.”

குளம் முதன்முறையாக வாய் மூடியது. “அம்மா?” என்றது பெட்டி. தச்சர் மறுபடி குத்தினார். “அம்மா?” மூன்றாம் முறை குத்தியபோது வெறும் வலிச்சத்தம் வந்தது. தச்சர் தண்ணீருக்குள் கையால் துழாவிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஜமீன்தார் மகள் வாசித்தாள். கப்பலில் வந்த சங்கீதம் இப்படித்தான் இருக்கும் போல என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் தாழ்ந்த கட்டைக்கு வந்தபோது ‘டொக்’ என்றது. மாப்பிள்ளையின் அத்தைக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். எழுந்து வந்து அந்தக் கட்டையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

“உள்ளே என்னத்தை வெச்சிருக்கீங்க, சம்பந்தி?” என்று மூடியைத் தூக்கினாள். ஒரு அறையின் கதவு தெறித்து, தவளை அவள் பட்டுப்புடவைமேல் குதித்தது.

பந்திக்குக்கூட அவர்கள் உட்காரவில்லை. இருளப்ப ஆசாரி அன்றே ஊரை விட்டுப் போனார். வேலைக்காரர்கள் பியானோவைச் சுமந்துவந்து குளக்கரையில் தொப்பென்று போட்டார்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். “போங்க, பொழைச்சுப் போங்க.”

தவளைகள் தட்டுத்தடுமாறி வெளியே வந்து கட்டைகளின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. காற்றைக் குடித்தன. பிறகு குளத்தைப் பார்த்துக் கூப்பிட்டன.

“அம்மா! விட்டுட்டாங்கம்மா!”

தவளைகள் கால் மாற்றி வைக்கும்போதெல்லாம், தளர்ந்த கட்டைகள் அழுந்தி, ‘டொக், டொக்’ என்றன.

தண்ணீருக்குள் எல்லாரும் உறைந்து கிடந்தார்கள்.

“பெட்டிதான்” என்று மாமன் மூச்சுக்குள் சொன்னார். “பெரிய பெட்டியாக் கொண்டுவந்திருக்கான். கட்டைச் சத்தம் கேக்குது பாரு.”

புள்ளியாள் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் மகளுடையதுதான். நேற்றுப் பெட்டிக்குள்ளிருந்து வந்ததும் மகளுடையதுதானே? அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மின்னி வெகுநேரம் கூப்பிட்டாள். கரையிலிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. குளத்தில் பதில் இல்லையென்றால் என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியும். செத்தவர்கள் தண்ணீரில் இறங்குவதில்லை.

பொழுது விடிந்ததும் புள்ளியாள் கரையேறிப் பார்த்தாள். பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. அறைக்கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. வெள்ளைக் கட்டைகளின்மேல் சின்னச் சின்ன ஈரப் பாதத் தடங்கள், வடக்குப் பக்கமாகப் போய்ப் புல்லில் மறைந்திருந்தன.

அதற்குப் பின் புள்ளியாள் பாடவில்லை. மற்றத் தாய்மாரும் பாடுவதை விட்டார்கள். இன்று குளங்களில் கேட்பது ஆண் தவளைகளின் குரல்தான். கரையில் ஒரு காலடி விழுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் நின்றுபோவதும் அன்று தொடங்கியதுதான். நெடுநேரம் கழித்து ஒன்று மட்டும், சின்னதாகக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும்.

மின்னி அரண்மனைக்கு வடக்கே ஒரு வாழைத்தோட்டத்து வாய்க்காலில் குடியேறினாள். இரண்டு மழைக்காலம் அங்கே இருந்து, அங்கேயே இறந்தாள்.