மாதிரிப் பொந்து

மரங்கொத்தி மரத்தை அழிக்கும் பறவை என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவுகிறது. இது மிகப் பெரிய பிழை. இந்தப் பிழையைச் சுமந்துகொண்டு யாரும் இந்தக் கதைக்குள் நுழைவதை அனுமதிக்க முடியாது. எனவே முதலில் அதை இறக்கி வைத்துவிடுவோம்.

செழித்து நிற்கும் மரத்தில் மரங்கொத்தி வீடு குடைவது அபூர்வம். பட்டுப்போன மரம், உளுத்த கிளை, புழு ஏறிய தண்டு, இவைதான் அது வேலை செய்யும் இடங்கள். அது குடைந்த பொந்தில் பிறகு கிளி குடியேறும், மைனா குடியேறும், சின்ன ஆந்தையும் அணிலும் குடியேறும். இவற்றில் ஒன்றுக்கும் மரம் குடைய வராது. கிளியின் அலகைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது பழத்தைக் கிழிப்பதற்காக வளைந்த அலகு. இருக்கிற துளையைக் கொஞ்சம் அகலமாக்கும், அவ்வளவுதான்.

இதை அறியாதவர்கள் பலர். அவர்களில் சிலர் அரசாங்கத்திலும் இருந்தார்கள் என்பதால்தான் இந்தக் கதை.

ஆற்றின் இக்கரையில் நெடுங்கரைக் காடு இருந்தது. அங்கே உளியன் என்ற மரங்கொத்தி பொந்து குடைவதைத் தொழிலாகச் செய்துவந்தது. ஒரு பொந்துக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். கூலி அத்திப்பழம். பழத்தின் மேல் உளியனுக்கு அவ்வளவாக ஆசை இல்லை. பழத்துக்குள் இருக்கும் புழுவின் மேல்தான் ஆசை.

காட்டை ஆண்டது ஒரு புலி. பத்துப் பழம் கூலி வந்தால் ஒரு பழம் அரசுக்கு. அந்த ஒரு பழம் மந்திகளுக்குப் போனது. மந்திகள் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, பாம்பு ஏறினால் குரல் கொடுத்தன. உளியன் முணுமுணுக்காமல் வரியைக் கொடுத்தது. பாம்பு ஏறும் மரத்தில் பொந்து கேட்டு யார் வருவார்கள்?

பிறகு புலிக்கு வயதாயிற்று. வயதான அரசர்களுக்கு வேட்டை குறையும், அதிகாரிகள் கூடுவார்கள். பொந்துத் துறை என்று புதிதாக ஒன்று முளைத்தது. ஓர் உடும்பு அதற்குத் தலைவரானது.

பதவியேற்ற அன்றே உடும்பு மரச் சேத வரி போட்டது.

"பட்ட மரத்துக்கு என்னங்கய்யா சேதம்?" என்று உளியன் கேட்டது.

"மரங்கொத்தி மரத்தை அழிக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றது உடும்பு.

அடுத்த பருவத்தில் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ராஜா பகலில் தூங்குவார் என்பதால் விடியலில் கொஞ்ச நேரம்தான் கொத்தலாம். பன்னிரண்டு நாள் வேலை இருபது நாள் ஆனது. அதற்கடுத்த பருவத்தில், அலகைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பதிவு செய்த அலகை ஆண்டுதோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். உளியன் அலகை வீட்டில் விட்டுவிட்டு வரும் என்று யாரோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்படியே பத்தில் ஒன்று, பத்தில் ஆறு ஆயிற்று. மந்திகளுக்குப் போனது மட்டும் அதே ஒரு பழம்தான்.

ஒருநாள் காலையில் மரகதம் என்ற கிளி உளியனைத் தேடி வந்தது. போன மழையில் அது குடியிருந்த மரம் வேரோடு சாய்ந்தது. பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. அதற்குப் பிறகு மரகதம் அதிகம் பேசுவதில்லை.

"உளியண்ணே, இன்னும் நாற்பது நாள்ல முட்டை வைப்பேன். பொந்து வேணும்."

"வேங்கை மரம் ஒண்ணு பட்டு நிக்குது. வேர் நல்லா ஊன்றியிருக்கு. வாசல் எந்தப் பக்கம் வைக்கட்டும்? கிழக்கா, வடக்கா?"

"விழாத பக்கம் எதுவோ, அந்தப் பக்கம் வை."

 உளியன் நேராக உடும்பின் அலுவலகத்துக்குப் போனது. அது ஒரு பாறை இடுக்கு. வாசலில் ஓர் அணில் ஏற்கெனவே காத்திருந்தது. எத்தனை நாளாக என்று உளியன் கேட்டதற்கு, "நான் வந்தப்போ என் வால் இவ்வளவு நரைக்கலை" என்றது அணில்.

உளியனின் முறை வந்தது.

"வேங்கை மரத்துல ஒரு பொந்து குடையணும். அனுமதி வேணுங்கய்யா."

"கொடுக்கலாம். பொந்தைக் காட்டு."

"இன்னும் குடையலையே."

"பொந்தைப் பார்க்காம எப்படி அனுமதி கொடுக்கிறது? உள்ளே எத்தனை ஆழம், வாசல் எத்தனை அகலம், காற்று வருமா, எதுவும் தெரியாம நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

"அப்படின்னா குடைஞ்சுட்டு வந்து காட்டறேன்."

"அனுமதி இல்லாமக் குடைஞ்சா குற்றம்."

உளியன் கழுத்தைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது. மரத்துக்குள் புழு நகரும் சத்தமே கேட்கும் காது அதற்கு. உடும்பு சொன்னதில் அர்த்தம் எங்கே நகர்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

"இதுக்கு வழியே இல்லையாங்கய்யா?"

"ஏன் இல்லை? அரசாங்கம் கல் நெஞ்சுக்காரன் இல்லையப்பா. மாதிரிப் பொந்து ஒண்ணு குடை. இதோ, அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மருத மரம் சாய்ஞ்சு கிடக்கு. அதுல குடை. அதைப் பார்த்துட்டு அனுமதி தர்றேன்."

"கிளிக்கு என்ன அளவோ, அந்த அளவுலதானே?"

உடும்பு ஒருமுறை தன் உடம்பைத் திரும்பிப் பார்த்தது. "கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். வால் இடிக்காத அளவு."

உளியன் வீட்டுக்கு வந்து மனைவி சிலம்பியிடம் நடந்ததைச் சொன்னது.

"கிளிக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பொந்து?" என்று சிலம்பி கேட்டது.

"மாதிரிதானே."

"எதுக்கு மாதிரி? யாருக்கு மாதிரி? உனக்கு அலகுதான் கூர்மை."

உளியன் அந்த அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டது. அது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பறவை. விடியலில் கொஞ்ச நேரம், விடியலில் கொஞ்ச நேரம் என்று கொத்தி, இருபத்தைந்தாம் நாள் மாதிரிப் பொந்தை முடித்தது. கூலி கிடையாது. ஆனால் மரச் சேத வரி உண்டு. மருத மரம் அரசுடையது என்பதால் இரட்டிப்பு.

உடும்பு ஆய்வுக்கு வந்தது. தலையை நுழைத்தது. முன்கால்களை நுழைத்தது. வாலும் உள்ளே போய்விட்டது. வெகு நேரம் சத்தமே இல்லை.

"ஐயா?" என்றது உளியன்.

"ஆய்வு நடக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காற்றோட்டம் பரவாயில்லை. மழைக்கு எப்படித் தாங்குதுன்னும் பார்க்கணும்."

"மழை வர இன்னும் எத்தனையோ நாள் இருக்கே!"

"அவசரப்பட்டு ஆய்வு செய்ய முடியுமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேட்பாங்க."

ஆய்வு எட்டு நாள் நடந்தது. உடும்பின் மனைவியும் வந்து ஆய்வில் கலந்துகொண்டது. ஒன்பதாம் நாள் தலை மட்டும் வெளியே வந்தது.

"மாதிரி திருப்தி. இனி நீ விண்ணப்பம் கொடுக்கலாம்."

"அப்போ இவ்வளவு நாள் நான் கொடுத்தது?"

"அது விண்ணப்பம் கொடுக்க அனுமதி கேட்டது."

அன்று சாயங்காலம் அரசின் தூதுவரான மயில் ஆற்றங்கரைப் பாறைமேல் ஏறித் தோகை விரித்தது. தொழில் மாநாடு ஒன்று நடக்கப்போவதாக அறிவித்தது. அக்கரைக் காட்டுத் தொழிலாளர்கள் எல்லாரும் நெடுங்கரைக்கு வரலாம். நிழல் தருவோம், தண்ணீர் தருவோம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் எந்த வரியும் இல்லை.

உளியன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டது. "ஏற்கெனவே இங்கே இருக்கிறவங்களுக்கு என்னங்க?"

"ஏற்கெனவே இருக்கிறவர்கள்தான் ஏற்கெனவே இருக்கிறார்களே" என்றது மயில், அன்பாக.

"நான் அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா?"

மயில் யோசித்தது. "அது நல்ல கேள்வி. பரிசீலிக்கலாம்."

சிலம்பி அன்று வீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னது. "போகலாம்."

அக்கரைக் காடு ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் வரி உண்டு, பத்துக்கு இரண்டு. அங்கேயும் விதி உண்டு: பச்சை மரத்தைத் தொடாதே. ஆனால் அந்த விதியைப் படித்து முடிக்க ஒரு மூச்சு போதும். அதற்கு மேல் உளியனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் உளியன் மரகதத்தைப் பார்க்கப் போனது. கிளி பட்ட வேங்கையின் கவட்டில் உட்கார்ந்திருந்தது. வயிறு கனத்திருந்தது.

"எத்தனை நாள் இருக்கு தங்கச்சி?"

"நாலு. அஞ்சு இருந்தா அதிகம்."

"எங்ககூட வந்துடு. அக்கரையில யாராவது குடைஞ்ச பழைய பொந்து ஒண்ணு இருக்கும்."

"இந்த வயித்தோட ஆத்தைத் தாண்ட முடியுமாண்ணே? பாதியில விழுந்துடுவேன்." கிளி மரத்தை அலகால் தட்டிப் பார்த்தது. "அனுமதி கிடக்கட்டும். இங்கேயே குடைஞ்சு கொடேன். பிடிச்சா நான் சொல்லிக்கிறேன், நான்தான் குடைஞ்சேன்னு."

"உன் அலகைப் பார்த்தா நம்ப மாட்டாங்க." உளியன் சிரிக்க முயன்றது. முடியவில்லை. "நாள் முழுக்கக் கொத்தினாலும் பன்னிரண்டு நாள் வேலை இது. நாலு நாள்ல ஆகாது தங்கச்சி. நீ வந்த அன்னிக்கே நான் திருட்டுத்தனமா ஆரம்பிச்சிருக்கணும். எல்லாம் முறையாச் செய்யணும்னு நினைச்சேன்."

"நான்தானே உன்கிட்ட வந்தேன். நீ என்ன செய்வே."

உளியனும் சிலம்பியும் ஆற்றைத் தாண்டிப் போயின. அந்த வாரத்திலேயே இன்னும் ஒன்பது மரங்கொத்திகள் போயின. மாநாட்டுக்கு அக்கரையிலிருந்து ஒரே ஒரு கொக்கு வந்தது. மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

மரகதம் உடும்பிடம் போனது.

"ஐயா, அந்த மாதிரிப் பொந்தை எனக்குப் பத்து நாளைக்காவது விடுங்க. முட்டை வைக்க இடமில்லை."

"இது அரசு உடைமையம்மா. நான் இதுல இருக்கேனா? காவல் காக்கிறேன்."

"இது எனக்காகக் குடைஞ்சது."

"உனக்காகக் குடைய இன்னும் அனுமதியே கொடுக்கலையே!" உடும்பு உண்மையாகவே வியந்தது. "விண்ணப்பம் போட்டவன் எங்கே? அவனை வரச்சொல்லு."

"அவர் போயிட்டார்."

"பார்த்தாயா? இவர்களுக்குக் காட்டின் மேல் பற்றே கிடையாது" என்றது உடும்பு.

பழ வரவு குறைந்தது புலியின் காதுக்குப் போயிற்று. உடும்பு அதற்கும் வழி வைத்திருந்தது. குடைகிறவர்கள் இல்லை என்றால் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பழைய பொந்துகளின் வரி மூன்று மடங்கானது. கட்ட முடியாத மைனாக்கள் வெளியேறின. பொந்துகள் காலியாயின. காலிப் பொந்துகளுக்கு அரசு முத்திரை வைத்தது. அந்தக் காட்டில் இப்போது பொந்துகளும் இருந்தன, பொந்து இல்லாத பறவைகளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் பொந்துத் துறை இருந்தது.

இதெல்லாம் நடந்து முடிவதற்கு முன்பே, உளியன் போன நான்காம் நாள், மரகதம் முட்டை வைத்தது. பட்ட வேங்கையின் கவட்டில், நாலு சருகுகளை அணைகொடுத்து, அதன் மேல் வைத்தது. இரண்டு முட்டைகள். இறக்கையை விரித்து மூடிக்கொண்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தது. கிளிகளுக்குத் திறந்த வெளியில் அடைகாக்கத் தெரியாது. தெரியாததை அது செய்துபார்த்தது.

மூன்றாம் நாள் பிற்பகலில் காற்று எழுந்தது. பெரிய காற்று ஒன்றும் இல்லை. முதலில் சருகுகள் போயின.

வரியும் விதியும் எல்லை மீறும் நாட்டிலிருந்து போக முடிந்தவர்கள் போய்விடுவார்கள். அவர்கள்மேல் ஏற்றிய பாரமெல்லாம் போக முடியாதவர்களின் தலையில்தான் இறங்கும்.

மறுநாள் காலை துப்புரவுத் துறையிலிருந்து ஒரு கீரி வந்து, வேங்கை மரத்தடியில் கிடந்த ஓடுகளைப் பார்வையிட்டது. பொது இடத்தில் குப்பை போட்டதற்காக மரகதத்திடம் இரண்டு நாவல்பழம் வாங்கிக்கொண்டு போனது.