ஒரு முழ உளியும் நாலு விரல் துளையும்

சிலம்பாயிக்கு நடந்த அநியாயம் இது: வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்ன உளியை அவள் கையிலேயே திணித்துவிட்டு, அந்த உளி கெடுத்த வேலைக்கு அவள் கையைக் குற்றம் சொன்னார்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, கேட்கிறவர்களே, வேளம்பூரைப் பரிதிமாறன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுடைய கடைசல் பட்டறையில், காலால் மிதித்துச் சுற்றும் சின்னக் கடைசல் பொறி ஒன்று சிலம்பாயியுடையது. பித்தளையைச் சுழலவிட்டு, உளியால் உள்ளே குடைந்து, துளையை வழவழப்பாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பட்டறையில் ஓர் உன்னதமான வழக்கம் இருந்தது. ஊரார் வேலைக்கு அரைச் சாண் உளி, அமைச்சர் வேலைக்கு ஒரு சாண் உளி, அரசர் வேலைக்கு ஒரு முழ உளி. துளை எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

வசந்த விழா வந்தது. ராணிமேல் வண்ணத் தண்ணீர் அடிக்க ராஜாவுக்கு ஒரு பீச்சாங்குழல் வேண்டியிருந்தது. துளை நாலு விரல் ஆழம்தான். தலைமை ஆசாரி வீரகண்டர், நாணல்போல ஒல்லியான ஒரு முழ உளியை நீட்டினார். பிடியில் தங்க மயில் வேறு!

"ஐயா, நாலு விரல் துளைக்கு ஒரு முழமா? நுனி ஆடும், உளி அலறும், துளை அலையலையாக வரும்."

"ராஜா வேலைக்குச் சுண்டைக்காய் உளியா? சொன்னதைச் செய், அம்மா!"

செய்தாள். நுனி ஆடியது, உளி அலறியது, துளை அலையலையாக வந்தது. விழாவில் ராஜா குழலை அழுத்தினான். தண்ணீர் ராணிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அலையலையான துளையில் தண்டு ஒட்டாததால் பின்பக்கமாக ஒழுகி, ராஜாவின் பட்டு வேட்டியை, நனையக் கூடாத இடத்தில் நனைத்தது.

"பொறி சிறிசு, கை பெண்பிள்ளையுடையது, நடுங்கிவிட்டது" என்றார் வீரகண்டர். எவ்வளவு ஆழ்ந்த ஆராய்ச்சி! பொறியை உருக்கி மணியாக்கவும், அவளைப் பட்டறையைவிட்டு விரட்டவும் ராஜா உத்தரவிட்டான்.

"நல்லது மகாராஜா. நடுங்காத கை ஒன்று வந்து, அதே பொறியில் புதுக்குழல் கடைந்து காட்டட்டும். பிறகு உருக்குங்கள்" என்றாள் சிலம்பாயி.

சபை கூடியது. முதலில் வீரகண்டர் ஒல்லி உளியை வைத்தார். அது அலறிய அலறலில் அரண்மனைக் கிளிகள் வாயடைத்தன. "மங்கள ஒலி" என்றார். துளை அலையலையாக வந்தது.

அடுத்து, கடப்பாரை மாதிரி ஒரு முழ உளி கொண்டுவரச் சொன்னார். அது துளைக்குள் நுழையவே இல்லை. "துளை சரியில்லை" என்றார்.

மூன்றாவது முறை சிலம்பாயி. உளியாக்க, உடைந்த அரம் ஒன்றை எடுத்தாள். துளைக்குள் நுழைகிற அளவுக்கு எவ்வளவு பருமன் முடியுமோ அவ்வளவு விட்டாள். உளியின் அடிப்பக்கம் துளைச் சுவரில் உரசாதபடி சாணைக்கல்லில் தேய்த்தாள். கவ்வியில் இறுக்கி, நாலு விரலுக்கு மேல் ஒரு நூல் அளவே வெளியே நீட்டினாள். மிதித்தாள். சத்தமே இல்லை. துளை கண்ணாடியாக வந்தது.

ராஜா குழலை அழுத்திப் பார்த்தான். தண்ணீர் நேராகப் போய் வீரகண்டரின் தலைப்பாகையைக் கழற்றியது. பொறி பிழைத்தது.

ராஜாவுக்கு இன்னும் ஒரு பெரிய சந்தேகம்: "சிலம்பாயி, இந்தக் குட்டி உளி எந்தப் பதவிக்கு உரியது?"

"எந்தப் பதவிக்கும் இல்லை, மகாராஜா, வேலையை அளந்து கருவி செய்ய வேண்டும், ஆளை அளந்து செய்தால் கெடுவது வேலை, பழி சுமப்பது வேலை செய்தவள்."